நன்னீர் இழுதுமீன்: தேடலும் பேணலும்

கொக்கிளாய் முகத்துவாரத்திற் கரைவலை இழுப்போர் மீனோடு கூடவரும் ஒரு பொருளை விரும்புவதில்லை. கண்ணாடிபோலத் தெளிந்து, கூழ்போலக் குழைந்து, தோலிற் பட்ட இடத்தைக் கடுக்கச் செய்யும் அதனைச் 'சொறி' என்று பெயரிட்டு வலையினின்றும் உதறி எறிவர். பாடநூல்கள் அதனை இழுதுமீன் என்றும், ஜெலிமீன் என்றும் வழங்கும். பெயரில் மீன் இருப்பினும் அது மீனன்று. அதற்கு முள்ளில்லை, செவுளில்லை, மூளையில்லை, குருதியுமில்லை. அதன் உடலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட பங்கு வெறும் நீரேயாகும். ஐதரா, முருகைக்கல்லை ஆக்கும் உயிர்கள், கடற்சாமந்தி ஆகியவற்றோடு ஒரே கணத்தில் வைத்து எண்ணப்படுவது அது.

இழுதுமீன் என்றவுடன் நமது நினைவுக்கு வருவது கடலேயாம். ஆயினும், உப்பின் சுவடே இல்லாத குளத்திலும், ஆற்று மடுவிலும், கற்குழியிலும் வாழ்ந்து, குடையை விரிப்பதும் சுருக்குவதும்போல அசைந்து நீந்தும் இழுதுமீன்களும் உலகில் உள. அவற்றின் வரலாற்றையும், அவற்றைத் தேடும் முறையையும், வீட்டிற் கண்ணாடித் தொட்டியில் வைத்துப் பேணும் வழியையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். குளங்களின் நாடாகிய வன்னியில் வாழும் மாணாக்கருக்கு இப்பொருள் பயன்படும் என்று நம்புகிறோம்.

உவர்நீரும் நன்னீரும்

கொக்கின் பெயரோடு ஒலிக்கும் கொக்கிளாய், முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையிற் கடலோரத்தில் அமைந்த ஊர். அதனையடுத்துள்ள களப்பு முல்லைத்தீவு, திருகோணமலை ஆகிய இரு மாவட்டங்களின் எல்லையிலே பரந்து கிடக்கின்றது. ஒருபுறம் ஒடுங்கிய வாயினூடாகக் கடல்நீர் உட்புகும். மறுபுறம் சிற்றாறுகள் மழைநீரைக் கொண்டுவந்து சேர்க்கும். ஆதலின் அந்நீர் முழுக் கடலுமன்று, முழுக் குளமுமன்று. மாரியில் உப்புக் குறையும். கோடையில் உப்பு ஏறும். கண்டற் காடுகளும் கடற்புற்களும் நிறைந்த இக்களப்பு 1951-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள் பறவைகள் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது.

இத்தகைய களப்பிற் காணப்படும் சொறியை நன்னீர் இழுதுமீன் என்று மயங்கிவிடலாகாது. உவர்நீரிற் பெரிதும் உப்புக் குறைந்த நிலையைப் பொறுத்துக்கொள்ளும் இழுதுமீன்கள் உள. ஒரிசாக் கரையிலுள்ள சில்கா ஏரியில் இத்தகைய ஒன்றை நெல்சன் அன்னண்டேல் என்னும் விலங்கியலறிஞர் 1915-இல் விவரித்தார். எனினும், பொறுத்தல் வேறு. வாழ்ந்து வழிவழி பெருகுதல் வேறு. கடல் இழுதுமீனின் உடல்நீர், கடல்நீரின் உப்புச் செறிவையே ஏறத்தாழ ஒத்திருப்பது. ஆயிரம் பங்குக்கு முப்பத்தைந்து பங்கு உப்புள்ள அவ்வுடலைக் கிணற்று நீரில் இட்டாற் பிரசாரண விதிப்படி நீர் உடலினுட் பாய்ந்து புகும். கலங்கள் வீங்கி நலியும். சிறிது நேரத்தில் அவ்வுயிர் மடியும். முகத்துவாரத்திற் பிடித்த சொறியைப் போத்தலிலிட்டு வீட்டுக் கிணற்று நீரை ஊற்றிய சிறுவர் பலர் கண்ட முடிவு இதுவே. நன்னீர் இழுதுமீனோ உள்ளே புகும் நீரை ஈடுசெய்து உடலின் உப்பைக் காத்துக்கொள்ளும் வல்லமை பெற்றது. இவ்வல்லமை மிகச் சில இனங்களுக்கே வாய்த்திருக்கின்றது.

கண்டறிந்த வரலாறு

நன்னீர் இழுதுமீன் அறிவுலகின் கவனத்தை ஈர்த்தது ஆற்றிலுமன்று, குளத்திலுமன்று, ஒரு தொட்டியிலேயாம். 1880-ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இலண்டன் மாநகரின் இறீஜன்ற் பூங்காவிலே, தாவரவியற் கழகத்தின் விக்ரோறியா அல்லி வளர்க்கும் வெந்நீர்த் தொட்டியில், கழகச் செயலாளராகிய சவர்பி என்பவர் சிறு குடைகள் போன்ற உயிர்கள் நீந்துவதைக் கண்டார். லங்கெஸ்ரர், அல்மன் என்னும் இரு விலங்கியலறிஞர் சில நாள் இடைவெளியில் அதற்கு வெவ்வேறு பெயரிட்டனர். லங்கெஸ்ரர் இட்ட 'கிரஸ்பெடகஸ்ரா சவர்பீ' என்ற பெயரே நிலைத்தது.

விக்ரோறியா அல்லி தென்னமெரிக்காவுக்குரியது; ஆகவே இவ்வுயிரும் அங்கிருந்தே வந்திருக்கவேண்டும் என்று கருத இடமிருந்தது. ஆனால், 1907-இல் ஓக்கா என்ற யப்பானிய அறிஞர் சீனத்தின் யாங்சி ஆற்றிலிருந்து கிடைத்த இழுதுமீனை விவரித்தார். இன்று அவ்வாற்றுப் படுகையே இவ்வினத்தின் தாயகம் என்று கொள்ளப்படுகின்றது. நீர்த்தாவரங்களோடும் மீன்களோடும் ஒட்டிச் சென்று, அந்தாட்டிக்கா ஒழிந்த எல்லாக் கண்டங்களுக்கும் இது பரவிவிட்டது. பயணியைக் கண்ட இடத்தை அவன் பிறந்த ஊர் என்று கொள்ளலாகாது என்பதை இவ்வரலாறு உணர்த்தும்.

தமிழர் மகிழ்தற்குரிய ஒரு தொடர்பும் இதில் உண்டு. குடை வடிவுள்ள உயிர் எங்கிருந்து தோன்றுகின்றது என்ற வினாவுக்கு விடை தேடி, அதே இலண்டன் தொட்டியில் 1884-இல் அதன் பொலிப்புப் பருவத்தைக் கண்டவர் அல்பிரட் கிப்ஸ் போர்ன் என்பவர். அவரே பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் உயிரியற் பேராசிரியராக விளங்கி, அதன்பின் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராகவும் பணியாற்றினார். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரருகே கிடைத்த அதே பொலிப்பைப் பொற்ஸ் என்பவர் 1885-இல் வேறொரு புதிய உயிரெனக் கருதி வேறு பெயரிட்டிருந்தார். ஓருயிரின் இளமைக்கும் முதுமைக்கும் இரு பெயரிட்டு, இரண்டும் ஒன்றே என்பதை அறிஞர் பின்னரே தெளிந்தனர்.

இந்தியாவின் சொந்த நன்னீர் இழுதுமீன் வேறோர் இனத்தது. 1911-ஆம் ஆண்டளவிற் சங்கர் புருசோத்தம் அகார்க்கர் என்னும் இளம் அறிஞர் மேற்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்த சத்தாராப் பகுதியில், கிருட்டிணை ஆற்றின் கிளையாகிய யென்னா ஆற்றிலே இவ்வுயிரைக் கண்டார். கல்கத்தா அருங்காட்சியகத்திலிருந்த அன்னண்டேல் அதற்கு 'லிம்னொக்னைடா இண்டிக்கா' என்று பெயர் சூட்டினார். அதுவரை லிம்னொக்னைடா என்ற சாதி ஆபிரிக்காவில் மட்டுமே அறியப்பட்டிருந்தது. 1883-இல் ஆபிரிக்காவின் தங்கனீக்கா ஏரியில் இச்சாதியின் இழுதுமீன் காணப்பட்டபொழுது, அவ்வேரி முன்னொருகாற் கடலோடு இணைந்திருந்தது என்று சிலர் வாதித்தனர். நிலவியல் ஆராய்ச்சி அவ்வாதத்தைப் பொய்யாக்கிற்று. அவ்வேரி நிலப்பிளவில் உண்டான நன்னீர் ஏரியே. ஆகவே, இழுதுமீன் இருக்கும் இடமெல்லாம் கடல் இருந்த இடமென்று கொள்வதற்கில்லை.

அகார்க்கர் கண்ட உயிர் தோன்றும் பருவமும் நமக்கு வழிகாட்டும். கோடையில் ஆற்றின் ஓட்டம் நின்று, நீர் மடுக்களாய் எஞ்சிக் கிடக்கும் சித்திரை, வைகாசி மாதங்களில் அது காணப்பட்டது. மழைவெள்ளம் வந்ததும் மறைந்தது. அசையாத நீரும் வெப்பமும் ஒருங்கு கூடும் காலமே இவ்வுயிருக்கு உகந்த காலம் என்பது இதனாற் பெறப்படும்.

உடலமைப்பும் வாழ்க்கை வட்டமும்

கிரஸ்பெடகஸ்ரா இழுதுமீன் முதிர்ந்த நிலையில் 20 முதல் 25 மில்லிமீற்றர் அகலமுடையது. நமது ஐந்து ரூபா நாணயத்தின் அளவினது எனலாம். குடையின் விளிம்பிலே மெல்லிய உட்சவ்வொன்று வளையமாக அமைந்திருக்கும். விளிம்பிலிருந்து தொங்கும் பரிசக்கொம்புகள் முதிர்ந்த உயிரில் நானூற்றையுந் தாண்டும். குடையின் நடுவிலிருந்து குழாய்போல ஓர் உறுப்புத் தொங்க, அதன் நுனியில் வாய் உளது. அங்கிருந்து நான்கு கால்வாய்கள் விளிம்பை நோக்கிச் சிலுவைபோற் செல்லும். அக்கால்வாய்களிலேயே இனப்பெருக்க உறுப்புக்கள் தொங்குகின்றன.

பரிசக்கொம்புகளிற் கொட்டுங் கலங்கள் பல உள. நீர்த்தெள்ளு போன்ற நுண்ணுயிர்களை மயக்கிப் பிடிக்க அவை போதும். மனிதர் தோலைத் துளைத்து வருத்தும் வலிமை அவற்றுக்குப் பொதுவாக இல்லை. மேலெழுந்து நீந்தி, பின் குடையசைவை நிறுத்திப் பரிசக்கொம்புகளை விரித்தபடி மெல்லத் தாழ்ந்து, வழியில் எதிர்ப்படும் இரையைப் பற்றுவது இதன் வேட்டை முறை. வலைஞன் வலையை விரித்துத் தாழவிடும் செயலை இது நினைவூட்டும்.

இக்குடையுருவம் அவ்வுயிரின் வாழ்க்கையில் ஒரு சிறு பகுதியே. அதன் நெடிய வாழ்வு பொலிப்பாகவே கழிகின்றது. பொலிப்பு ஒரு மில்லிமீற்றர் அளவினதே. அதற்குப் பரிசக்கொம்பு இல்லை. கல்லிலோ, அமிழ்ந்த மரத்திலோ, சிப்பியிலோ ஒட்டி, தன்மேற் படியும் தூசியின் மறைவிலே தனியாகவோ சிறு கூட்டமாகவோ வாழும். அது மூவகையாக அரும்பும். அரும்பிய புதிய பொலிப்புத் தாயோடு ஒட்டியிருந்து கூட்டத்தைப் பெருக்குவது ஒருவகை. புழுவடிவான துண்டொன்று கழன்று ஊர்ந்து சென்று வேறோரிடத்திற் பொலிப்பாவது இன்னொருவகை. நீர் வெம்மையுற்று இரை மிகும்போது சிறு குடையுயிர் அரும்பிப் பிரிந்து நீந்திச் செல்வது மூன்றாம்வகை. குளிர் முதலிய இடர் வந்தாற் பொலிப்பு சுருங்கிக் கெட்டியான உறையினுள் உறங்கும். நற்காலம் வந்தபின் மீண்டும் விழிக்கும்.

ஒரு குளத்தில் ஆயிரக்கணக்கான இழுதுமீன்கள் தோன்றினாலும் அவை பெரும்பாலும் எல்லாம் ஆணாகவோ, எல்லாம் பெண்ணாகவோ இருப்பது கண்டறியப்பட்டுள்ளது. இதற்குக் காரணம் எளிது. அவ்வளவும் குளத்தை வந்தடைந்த ஒரே பொலிப்பின் அரும்புகளாய் இருத்தல் கூடும். அரும்பிப் பிறந்தவை தாயின் பாலையே உடையனவாகும். ஒரு பாலே உள்ள குளத்தில் முட்டை கருவுறுவதில்லை. பொலிப்பின் அரும்புதல் ஒன்றே அக்குலத்தை நிலைநிறுத்துகின்றது. இவ்வுண்மை, பின்னர் நாம் கூறப்போகும் பேணல் முறைக்கு அடிப்படையாதலின் நினைவில் இருத்தற்பாலது.

தேடும் முறை

இழுதுமீன் தேட விரும்பும் மாணாக்கர் கோடையிலும் முற்றாக வற்றாது ஆழநீர் எஞ்சும் நீர்நிலையைத் தெரிந்துகொள்ளவேண்டும். முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு, வவுனிக்குளம், இரணைமடு முதலிய பெருங்குளங்களும், மழைநீர் தேங்கிய பழைய கற்குழிகளும் இவ்வகையின. பிறநாடுகளிலும் இயற்கை ஏரிகளைவிட மனிதர் ஆக்கிய நீர்த்தேக்கங்களிலும் குழிகளிலுமே இவ்வினம் அடிக்கடி தென்பட்டுள்ளது. வன்னியில் வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன், ஆடி முதற் புரட்டாதி வரையுள்ள காலம் தேடலுக்கு ஏற்றது. காற்று அடங்கிய வெயில் நாளிற் கரையோரத்திலிருந்தோ தோணியிலிருந்தோ ஞாயிறு முதுகுப்புறம் இருக்கும்படி நின்று நீரினுள் நோக்குக. கறுப்புத் துணியோ கறுத்த தட்டோ ஒன்றை நீரிற் சிறிது தாழ்த்திப் பிடித்தால், அதன்மேல் வெண்மையான வட்டம் விரிந்து சுருங்குவது புலப்படும். வலையாற் கோலினால் மென்மையான உடல் கிழியும். வாயகன்ற கண்ணாடிக் குவளையை நீருள் அமிழ்த்தி, நீரோடு சேர்த்து முகத்தலே தக்கது.

குடையுயிர் தென்படாவிடத்தும் மனந்தளர வேண்டியதில்லை. பொலிப்பைத் தேடலாம். ஒரு முழ ஆழத்துக்குக் கீழுள்ள சிறு கற்கள், சிப்பி ஓடுகள், அமிழ்ந்த சுள்ளிகள் ஆகியவற்றை அக்குளத்து நீரோடு எடுத்துவந்து, ஆழமற்ற கண்ணாடித் தட்டிலிட்டு ஒருநாள் அசையாது வைத்தபின் நுணுக்குக்காட்டியின் தாழ்ந்த உருப்பெருக்கத்தில் ஒவ்வோர் அங்குலமாக நோக்குக. ஐதராவுக்கு நீண்ட பரிசக்கொம்புகள் உண்டு. இதற்கு அவை இல்லை. இவ்வேறுபாடு ஒன்றே இரண்டையும் பிரித்தறியப் போதும்.

தேடுவோர் மூன்று செய்திகளை மறத்தலாகாது. வன்னிக் குளங்களில் முதலை உண்டு; தனியே நீரில் இறங்குதல் தகாது. போர்க்காலத்தின் எச்சமாகக் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நாட்டிய இடம் எதுவாயினும் அதனுள் ஓரடியும் வைத்தலாகாது. கொக்கிளாய்க் களப்புப் போன்ற சரணாலயத்தினுள் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றி எவ்வுயிரையும் சேகரித்தலாகாது. அங்கே கண்ணாற் கண்டு குறிப்பெழுதுதலே நமக்குரிய பணி.

வீட்டில் வைத்துப் பேணுதல்

இருபது இலீற்றர் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரம் ஐந்தாறு இழுதுமீன்களுக்குப் போதும். மூலையில்லாத உருண்டை வடிவப் பாத்திரம் சிறந்தது. மூலைகளிலே அவை முட்டி ஒதுங்கி நலியும். அவை வாழ்ந்த குளத்து நீரையே மெல்லிய துணியில் வடித்து ஊற்றுக. குழாய்நீராயின் அதிலுள்ள குளோரீன் நீங்குமாறு இரண்டொரு நாள் திறந்து வைத்தபின் பயன்படுத்துக. செப்புப் பாத்திரத்தில் வைத்த நீர் இவ்வினத்துக்கு நஞ்சாகும்.

அலங்கார மீன் வளர்ப்போர் வழமையாகச் செய்யும் இரண்டு செயல்கள் இங்கே தீங்காகும். ஒன்று, காற்றுக்குமிழி விடுதல். குமிழி குடையின் உட்புறத்திற் சிக்கினால் அவ்வுயிர் நீந்தவியலாது நீர்மட்டத்தில் மிதந்து மடியும். மற்றொன்று, நீரை இழுத்து வடிக்கும் பொறியைப் பூட்டுதல். அது மெல்லுடலை உறிஞ்சிச் சிதைத்துவிடும். அகன்ற வாயுள்ள பாத்திரமாயின் மேற்பரப்பினூடாகக் கரையும் ஒட்சிசனே அவற்றுக்குப் போதும். மீனையும் நீர்த்தாவரத்தையும் அத்தொட்டியில் வைக்கவேண்டாம். மீன் கடித்துச் சிதைக்கும், தாவரத்திலே பரிசக்கொம்புகள் சிக்கும். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை ஐந்திலொரு பங்கு நீரை மாற்றுக. புதிய நீரின் வெப்பநிலை பழைய நீரின் வெப்பநிலையை ஒத்திருத்தல் வேண்டும். 25 பாகை செல்சியசு அளவு உகந்தது. நமது வீடுகளில் நண்பகலில் வெப்பம் மிகுமாதலாற் பாத்திரத்தின் வெளிப்புறத்தில் ஈரச் சாக்கைச் சுற்றி நிழலில் வைப்பது நன்று; மண்பானை நீரைக் குளிரச்செய்யும் அதே தத்துவம் இங்கும் பயன்படும்.

இழுதுமீன் இறந்த இரையை நாடாது. அசைகின்ற நுண்ணுயிரே அதன் உணவு. நீர்த்தெள்ளு எனப்படும் தப்னியாவும், சைக்கிளொப்சும் சிறந்தவை. பச்சைப்பாசி படிந்த மழைநீர்ச் சாடியொன்றில் இவற்றை எளிதாகப் பெருக்கலாம். ஆனால், அச்சாடியின் வாயை நுண்வலையால் இறுகக் கட்டுதல் கட்டாயம். இல்லையேல் இழுதுமீனுக்கு இரை வளர்க்கப் புகுந்து, அயலவருக்கு நுளம்பு வளர்த்தவராவோம். டெங்குக் காய்ச்சல் உயிர்குடிக்கும் இக்காலத்தில் அது சிறு பிழையன்று. ஆர்ட்டீமியா முட்டைகளைப் பொரிக்கவைத்தும் ஊட்டலாம். உவர்நீரிற் பொரிக்கும் அக்குஞ்சுகளை நன்னீரில் அலசிய பின்னரே தொட்டியில் இடவேண்டும். தின்றொழிந்த எச்சத்தைக் கண்மருந்து விடுங் குழாயால் அன்றன்றே உறிஞ்சி எடுத்துவிடுக.

இத்தனையுஞ் செய்தாலும் குடையுயிர் சில வாரங்களே வாழும். அதுவே அதன் இயல்பு, வளர்ப்போரின் குற்றமன்று. முன்னர்க் கூறியபடி, ஒரே பாலைச் சேர்ந்த இழுதுமீன்கள் சந்ததி விடாமலே மடியும். ஆதலால், ஆண்டாண்டாக இவற்றைக் காண விரும்புவோர் குடையைவிடப் பொலிப்பையே பேணுதல் வேண்டும். பொலிப்பு ஒட்டிய கல்லைச் சிறு கண்ணாடித் தட்டிலிட்டு, வாரம் இருமுறை ஆர்ட்டீமியாக் குஞ்சு ஊட்டி, நீரை மாற்றிவரின், வெப்பமும் இரையும் மிகும் ஒருநாள் ஊசிமுனையளவான குடையொன்று எட்டுப் பரிசக்கொம்புகளோடு பிரிந்து நீந்துவதைக் காணலாம். பலவாரப் பொறுமைக்கு அக்காட்சி தக்க பரிசாகும்.

ஓர் எச்சரிக்கை

தொட்டியிலுள்ள உயிரையோ நீரையோ ஒருபோதும் வேறொரு குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றுதல் கூடாது. அழகுக்காக 1905-ஆம் ஆண்டளவில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை சில ஆண்டுகளுக்குள்ளேயே நாட்டின் நீர்நிலைகளை அடைத்துவிட, 1909-இல் அதனை ஒழிப்பதற்கென்றே தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. 1939-இற் கொழும்பிலே கல்வித் தேவைக்காகத் தருவிக்கப்பட்ட சல்வீனியா என்ற நீர்த்தாவரமும் தப்பிச் சென்று வயல்களிலும் குளங்களிலும் படர்ந்தது. முதலாவது அழகின் பெயரால் வந்தது. இரண்டாவது அறிவின் பெயரால் வந்தது. அறிவுத் தேட்டமும் கவனமின்றேற் கேடு பயக்கும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா. இழுதுமீனின் பொலிப்போ கண்ணுக்குப் புலப்படாதது. ஒரு துளி நீரோடும், ஒரு பாசித் துண்டோடும் பயணஞ் செய்வது. ஆதலால், தொட்டியைக் கழுவும் நீரைக் கொதிக்கவைத்து, குளத்துக்கு அப்பாற்பட்ட வறண்ட தரையில் ஊற்றுக. ஒரு குளத்திற் பயன்படுத்திய குவளையையும் கயிற்றையும் வெயிலில் நன்றாக உலர்த்தாமல் மற்றொரு குளத்துக்குக் கொண்டுசெல்லற்க.

கண்டதைக் குறித்துவைத்தல் தேடலின் இன்றியமையாத பகுதி. நாள், நேரம், குளத்தின் பெயர், நீரின் வெப்பநிலை, எண்ணிக்கை, குடையின் அகலம் ஆகியவற்றை அவ்விடத்திலேயே எழுதுக. படம் பிடித்து, இரண்டொரு மாதிரியைப் பதப்படுத்தி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியற்றுறை போன்ற ஓரிடத்தில் ஒப்படைத்தாற் காட்சி சான்றாகும். இல்லையேல் அது கதையாகவே நின்றுவிடும்.

1984-ஆம் ஆண்டின் இறுதியிற் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி முதலிய ஊர்களின் தமிழ் மக்கள் தம் வாழிடங்களை விட்டு நீங்க நேர்ந்தது. 2009-இற் போர் முடிந்தபின்னரே அவர்கள் மீண்டுவந்து குடியேறத் தொடங்கினர். நீரை நாள்தோறும் நோக்கிவந்த கண்கள் அந்நீரை விட்டுப் பிரிந்திருந்த காலம் அது. எந்த மாதத்தில் எந்த மடுவில் என்ன தோன்றும் என்பதைத் தந்தை மகனுக்குச் சொல்லும் வழக்கம் அறுந்துபோன காலமும் அதுவே. அறுந்த அந்த இழையை மீண்டும் முடிப்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. ஒரு கண்ணாடிக் குவளையும், ஒரு கறுப்புத் துணியும், ஒரு குறிப்பேடும், பொறுமையுள்ள இரு கண்களும் போதும். அகார்க்கர் கோடையில் வறண்ட ஓர் ஆற்றின் மடுவில் நின்று குனிந்து நோக்கியதனாலேயே இந்திய விலங்கியலில் ஒரு புதிய அதிகாரம் தொடங்கிற்று. நமது மாணாக்கரும் தத்தம் ஊர்க் குளக்கரையில் நின்று ஒருமுறை குனிந்து நோக்குவாராக.